வட்டியைக் குறைக்கிற மருமகள்

சூர்யகலா செய்கிற வேலை இன்னதென்று ஆரணிக்குப் பக்கத்தில் உள்ள சேவூரில் யாருக்கும் விளங்கவில்லை. ஆசியாவில் வளர்ந்துவருகிற நாடுகள் இனி எப்படி வளரும், அந்தந்த நாட்டு ரிசர்வ் வங்கிகள் வட்டியை என்ன செய்யும் என்று சிங்கப்பூரில் உள்ள ஓர் ஆய்வு நிறுவனத்துக்கு அவள் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். முதலில் இந்தியா மட்டும்தான் அவள் பொறுப்பு. பிறகு இலங்கை வந்து சேர்ந்தது. வியட்நாமைப் பார்த்துக்கொண்டிருந்தவர் வேலையை விட்டதும் அதையும் அவள் தலையில் கட்டிவிட்டார்கள். வியட்நாமை அவள் கண்ணால் கண்டதில்லை. ஆனாலும் அது அடுத்த வருஷம் எத்தனை சதவீதம் வளரும் என்று புள்ளி வைத்துச் சொல்வாள்.

கல்யாணமாகி வந்ததிலிருந்து வேலை மாடி அறையில்தான். கீழே ஆறு விசைத்தறிகள் ஓடும். வீடியோ கூட்டத்தில் அவள் வாயைத் திறந்தாலே ஜகார்த்தாவில் இருக்கிறவள், “அங்கே மழையா?” என்று கேட்பாள். விளக்கம் சொல்லச் சோம்பல்பட்டு இவளும் ஆமாம் என்றுவிடுவாள். மூன்று வருஷமாகச் சேவூரில் மழை விடவே இல்லை என்று ஜகார்த்தாவில் ஒருத்தி நம்பிக்கொண்டிருந்தாள்.

மாமனார் கந்தசாமிக்குத்தான் சங்கடம். பட்டுச் சேலை வியாபாரி. தினமும் காலையில் டீக்கடைக்குப் போனால், மருமகள் மாடியில் என்ன பண்ணுகிறாள் என்று யாராவது கேட்பார்கள். மகன் பார்த்திபனை விசாரித்தார். “லேப்டாப்ல வேல” என்பதற்கு மேல் அவனுக்கும் தெரியவில்லை. கடைசியில் மருமகளையே கேட்டார்.

“வட்டி எவ்ளோ குறையும்னு கணிச்சி சொல்றது மாமா” என்றாள்.

வீட்டுக்கும் டீக்கடைக்கும் இடையே இருநூறு அடி இருக்கும். அதற்குள் ‘கணிச்சி சொல்றது’ எங்கோ தவறி விழுந்துவிட்டது. டீக்கடைக்குப் போய்ச் சேர்ந்த சேதி, நாட்டில் வட்டியைக் குறைப்பதே கந்தசாமியின் மருமகள்தான் என்பது.

இது நடந்தது 2025 மே மாதம். அடுத்த வாரமே திலகவதி வந்தாள். ஆரணியில் சேலைக்கடை வைத்திருப்பவள். வங்கிக் கடன் வாங்கிக் கடையைப் பெரிதாகக் கட்டிக்கொண்டிருந்தாள்.

“கொஞ்சம் பார்த்து குறைச்சி வுடும்மா. ஒன்னு கூட வேணாம், அரை குறைச்சா போதும்.”

மும்பையில் ஆறு பேர் கூடி முடிவு செய்வதையும், அவர்கள் என்ன செய்வார்கள் என்று ஊகிப்பது மட்டுமே தன் வேலை என்பதையும் சூர்யகலா பொறுமையாக விளக்கினாள். ‘என் கையில் ஒன்றுமில்லை’ என்பதைத் திலகவதி எத்தனையோ அதிகாரிகளிடம் கேட்டவள். புரிந்துவிட்டது, வெளியே மூச்சு விடமாட்டேன் என்று கண்ணைச் சிமிட்டிவிட்டுப் போனாள்.

இரண்டு நாள் கழித்து ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஜெயச்சந்திரன் வந்தார். ஓய்வுப் பணம் மொத்தத்தையும் வங்கியில் டெபாசிட் போட்டு அந்த வட்டியில் காலம் தள்ளுகிறவர். வட்டியைக் குறைப்பது முதியவர்களுக்குச் செய்கிற துரோகம் என்று முக்கால் மணி நேரம் பாடம் எடுத்தார். முடிந்தால் ஏற்றச் சொன்னார்.

ஊரில் என்ன சொல்லி வைத்தீர்கள் என்று சூர்யகலா கீழே போய் மாமனாரைக் கேட்டாள். அவர் தறிச் சத்தத்தில் காது கேட்காதவர் போல நின்றார். அன்று மாலையே டீக்கடையில், வரப்போகிற ஜூன் மாதம் வட்டி அரை சதவீதம் குறையும் என்று வாக்குக் கொடுத்துவிட்டார்.

அவள் எழுதியதோ கால் சதவீதம். பெரும்பாலான நிபுணர்களும் அதையேதான் எழுதியிருந்தார்கள். ஜூன் ஆறாம் தேதி காலையில் அறிவிப்பு வந்தது. அரை சதவீதம்.

வேலை போயிற்று என்றே அவள் நினைத்தாள். சிங்கப்பூரில் யாரும் கோபப்படவில்லை. இந்தத் தொழிலில் தனியாகத் தப்புப் பண்ணினால்தான் ஆபத்து. கும்பலாகப் பண்ணினால் அதற்கு ‘பரவலான எதிர்பார்ப்பு’ என்று மரியாதையான பெயர் உண்டு. மதியம் திலகவதி இரண்டு கிலோ பால்கோவாவோடு வந்தாள். கந்தசாமி வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு ஒரே நாளில் மூன்று முறை டீக்கடைக்குப் போய்வந்தார். பிறந்ததிலிருந்து இவ்வளவு தப்பாக எதையும் சொன்னதுமில்லை, இவ்வளவு பாராட்டு வாங்கியதுமில்லை என்று நினைத்தபடி சூர்யகலா பால்கோவா தின்றாள்.

ஆகஸ்டில் அவள் உஷாராக இருந்தாள். பணவீக்கம், ரூபாய், அமெரிக்கா போட்ட வரி எல்லாவற்றையும் பத்து நாள் குடைந்து, இந்தத் தடவை வட்டி அசையாது என்று எழுதினாள். மாமனாரிடமும், யாரிடமும் எதுவும் சொல்லிவிடாதீர்கள் என்றாள். இன்னும் ஓர் அரை என்று அவர் முந்தின ஞாயிற்றுக்கிழமையே சொல்லி முடித்திருந்தார்.

வட்டி அசையவில்லை. சிங்கப்பூரிலிருந்து பாராட்டு மின்னஞ்சல் வந்தது. அன்று சாயங்காலம் ஸ்கூட்டியில் எதிரே வந்த திலகவதி முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். டீக்கடையில், வீட்டில் ஏதாவது மனஸ்தாபமா, மருமகள் உங்கள் பேச்சைக் கேட்பதில்லையா என்று கந்தசாமியைக் கேட்டார்கள். அவர் பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு வந்துவிட்டார்.

அதற்குப் பிறகு நான்கு நாள் அவர் வெளியே போகவில்லை. காலையிலிருந்து தறிகளுக்கு நடுவே நின்று எல்லாவற்றிலும் குற்றம் கண்டுபிடித்தார். தறி ஓட்டும் உண்ணாமலை மாடியேறி வந்தாள்.

“அக்கா, ஐயாவ எப்பிடியாவது டீக்கடைக்கு அனுப்பு. ஒரே பேஜாரா கீது.”

சூர்யகலாவுக்கு அவர்மேல் கோபம் இருந்தது. அன்று சாயங்காலம் அவரே பாதிப் படி ஏறிவந்து நின்றார். அதற்கு மேல் ஏறவில்லை.

“உன்ன பத்தி நாலு பேர்கிட்ட பெருமையா சொல்லணும்னு நெனச்சேன்மா. இன்னா சொல்றதுன்னு தெரியல. அதான் இப்பிடி ஆயிட்ச்சி.”

சிங்கப்பூர்க்காரர்கள் அவள் சொன்ன எண்ணைத்தான் பாராட்டினார்கள். இந்த மனுஷன் எண்ணே தெரியாமல் அவளைப் பாராட்டியிருக்கிறார்.

மறுநாள் காலையில் அவரைக் கையோடு டீக்கடைக்கு அழைத்துப் போனாள். பெஞ்சில் ஜெயச்சந்திரனும் இன்னும் நான்கைந்து பேரும் இருந்தார்கள். எல்லோருக்கும் ஒரேயடியாகப் புரியவைத்துவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் வந்திருந்தாள். பணவீக்கம் என்று ஆரம்பித்தாள். ஒரு முகத்திலும் புரிந்த அடையாளம் இல்லை. மாமனார் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நிறுத்திக்கொண்டாள்.

“அன்னிக்கு நான் லீவுங்க. ஒடம்பு சரியில்ல. அவங்களே கூடி முடிவு பண்ணிட்டாங்க.”

“அதான பார்த்தேன்” என்றார் கடைக்காரர். கந்தசாமி நிமிர்ந்து, சர்க்கரை தூக்கலாக ஒரு டீ சொன்னார். பொழுது சாய்வதற்குள் விஷயம் திலகவதிக்கு எட்டி, அவள் வீட்டிலிருந்து, உடம்புக்கு நல்லதென்று ஒரு தூக்கு நிறைய மிளகு ரசம் வந்தது.

ஜெயச்சந்திரன் அடுத்த நாள் காலையில் வீட்டுக்கே வந்தார். கந்தசாமி உள்ளே இருக்கிறாரா என்று எட்டிப் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, அடுத்த கூட்டம் எப்போது என்று கேட்டார்.

“அக்டோபர் ஒன்னாந்தேதி சொல்லுவாங்க சார்.”

“அன்னிக்கும் ஒடம்ப பார்த்துக்கோம்மா. லீவு போட்டுடு.”