வெற்றிலை வைத்து அழைத்த கூட்டம்

கைப்பேசியில் பெருவிரல் படம் போடுவதில் தாமான் கெம்போஜா குடியிருப்புக்காரர்களை அடித்துக்கொள்ள ஆளே கிடையாது. நம் திடலை லாரி நிறுத்துமிடமாக மாற்றப் போகிறார்கள், ஆட்சேபம் சொல்ல வாருங்கள் என்று ஷாமளா வாட்ஸ்அப்பில் போட்டதும் நாற்பத்திரண்டு பெருவிரல்கள் வந்து விழுந்தன. கூட்டத்துக்கு வந்தவர்களோ மூன்றே பேர். ஷாமளா, அவள் புருஷன் சசிதரன், மழைக்கு ஒதுங்கிய ஒரு ஐஸ்கிரீம்காரர்.

நகராண்மைக் கழக அதிகாரி புவான் ஹனிஸ் என்ற மலாய்க்கார அம்மா நல்ல மாதிரிதான். "இதை ஒரு குடும்பத்தின் கருத்து என்றுதான் என்னால் எழுத முடியும்," என்று மலாயில் தன்மையாகச் சொன்னார். வரும் சனிக்கிழமை இன்னொரு கூட்டம். அதுதான் கடைசி. அன்றும் ஆள் வராவிட்டால் திடலில் லாரிதான் நிற்கும். ஷாமளாவின் மகள் பந்து விளையாடுவது அங்கேதான். கூலிம் தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்து, ஷாமளா கால் நீட்டி உட்கார இருக்கும் ஒரே புல்தரையும் அதுதான். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

அழுகை ஆத்திரமானதும் நேரே பாடாங் செராய் டவுனில் காஜா மைதீன் கடைக்குப் போனாள். அங்கே பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற குழந்தைவேலு, தே தாரேக் தேநீரை ஆறவிட்டு நாட்டையே ஆண்டுகொண்டிருந்தார்.

"நம்ம ஆளுங்கள எவன்லா கேக்குறான்? மதிக்கிறதே இல்ல!"

"கேட்டாங்கண்ணே. புதன்கிழமை மூணு மணிக்குக் கேட்டாங்க. நீங்கதான் வரல."

"நீ எங்க கூப்பிட்ட?"

"வாட்ஸ்அப்ல போட்டேனே! நீங்ககூடப் பெருவிரல் போட்டீங்களே!"

"போட்டேன். அதுக்கு? போன்ல போட்டா ஆச்சா? வீட்டுக்கு வந்து சொல்லலன்னு என் தங்கச்சி மகன் கல்யாணத்துக்கே நான் போகல, தெரியும்லா?"

"முறைன்னு ஒண்ணு இருக்குல்லம்மா," என்று கல்லாவிலிருந்து காஜா மைதீனும் சேர்ந்துகொண்டார்.

அந்தத் தே தாரேக்கை எடுத்துக் குழந்தைவேலு தலையில் ஊற்றலாமா என்றிருந்தது ஷாமளாவுக்கு. பாதி வழியில் மோட்டார் சைக்கிளை ஓரங்கட்டி யோசித்தாள். முறையாக அழைத்தால் போதும், யாரோ பிள்ளைக்குக் காது குத்துகிறார்கள் என்று இந்த ஜனம் ஈப்போ வரைக்கும் பஸ் ஏறும். முறைதானே வேண்டும்? வெற்றிலையே வைக்கிறேன் இரு!

மறுநாள் சாயந்திரம் பட்டுச்சேலை கட்டினாள். தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, குங்குமம். கூட்ட அறிவிப்பின் நகல்களுக்கு நான்கு மூலையிலும் மஞ்சள் தடவினாள். வேட்டி கட்டிய சசிதரன் சிரிப்பை அடக்கிக்கொண்டு பின்னால் வந்தான்.

முதல் வீடு செல்லாயி அக்காவுடையது. தோட்டத்தை முதலாளி விற்கும்வரை அங்கே ரப்பர் பால் வெட்டியவர்.

"யாருக்கும்மா கல்யாணம்?"

"கல்யாணம் இல்லக்கா. ஆட்சேபம். சனிக்கிழமை காலையில பத்து மணிக்கு, குடும்பத்தோட வந்து முன்ன நின்னு நடத்திக் கொடுக்கணும்."

"எனக்கு ஆபீஸ் மலாய் வராதே."

"பேச வேணாம்க்கா. வந்து நின்னாப் போதும்."

செல்லாயி இரண்டு கையாலும் வெற்றிலையை வாங்கிக்கொண்டார். "வாசல் தேடி வந்துட்ட. வராம இருப்பேனா?"

இரண்டு சாயந்திரங்களில் ஒரு வீடு விடவில்லை. குழந்தைவேலு வீட்டில் தாம்பாளத்தை நீட்டியபோது, மனுஷர் அவசரமாக எழுந்துபோய்ச் சட்டை போட்டுக்கொண்டு வந்து வாங்கினார்.

சனிக்கிழமை பத்தாக ஐந்து நிமிடம். மண்டபம் காலி. அப்புறம் வந்தார்கள் பாருங்கள்! பட்டும் மல்லிகையும் சந்தனப் பொட்டுமாகக் குடியிருப்பே வந்தது; கடையைச் சாத்திவிட்டு மனைவி அஜீசாவோடு காஜா மைதீனும், எல்லாருக்கும் முன்னால் குழந்தைவேலுவும். நாற்காலி பற்றவில்லை. வருகைப் பதிவுத் தாள் தீர்ந்து இன்னொன்றைத் தேடி ஓடினார்கள்.

"யாருக்குக் கல்யாணம்?" என்று ஹனிஸ் திகைத்தார்.

"ஆட்சேபம், புவான்," என்றார் குழந்தைவேலு மிடுக்காக.

பேச மாட்டேன் என்ற செல்லாயிதான் முதலில் எழுந்தார். தனக்குத் தெரிந்த சந்தை மலாயில் சொன்னார்: "தோட்டத்த வித்தப்ப எங்கள யாரும் ஒரு வார்த்தை கேக்கல. நாங்க குடியிருந்த லயத்து வீடுகள இடிச்சப்பவும் கேக்கல. இன்னிக்குத்தான் வந்து சொல்லுன்னு கூப்பிட்டாங்க. வந்துட்டேன். அந்தத் திடல் எங்களுக்கு வேணும்."

ஷாமளா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு பதினேழு பேர் பேசினார்கள், உட்காரச் சொன்னாலும் உட்காராமல்.

கடைசியில் ஹனிஸ் பேனாவை மூடினார். "லாரிகளுக்கு வேறு இடம் பார்க்கச் சொல்லி எழுதுகிறேன். அதற்கு முன், செவ்வாய்க்கிழமை ஐந்து மணிக்கு நானே வந்து திடலைப் பார்க்கிறேன்."

கைத்தட்டல் ஓய்வதற்குள் குழந்தைவேலு ஷாமளாவை முழங்கையால் இடித்தார். "என்னா பாத்துக்கிட்டு நிக்கிற? அவங்களையும் முறையா கூப்பிடு!"

தாம்பாளம் வீட்டில் இருந்தது. செல்லாயி தன் இடுப்புச் சுருக்குப்பையை அவிழ்த்து இரண்டு வெற்றிலையும் ஒரு பாக்கும் எடுத்துக் கொடுத்தார். வருகைப் பதிவுத் தாளின் மேலேயே அவற்றை வைத்து ஷாமளா நீட்டினாள்.

"குடும்பத்தோட வரணும், புவான்."

பெண் கேட்கப் போகும்போது வெற்றிலை கொண்டுபோகும் வழக்கம் ஹனிஸ் வீட்டிலும் உண்டு. அவர் எழுந்து நின்று, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.