எட்டாம் நம்பர் டப்பா

முகத்தில் கண் என்று ஒன்று இருப்பதே இப்போது எவனுக்கும் ஞாபகமில்லை. மைதானத்தில் ஒருத்தன் பந்தை வாங்கி, எதிரில் வந்தவனை ஏமாற்றி, ஓடிக்கொண்டிருக்கிற தன் ஆளின் காலடிக்கே கச்சிதமாகத் தள்ளிவிடுகிறான். பார்த்துக்கொண்டிருப்பவன் கைதட்ட வேண்டுமா, வேண்டாமா? தட்டமாட்டான். குனிந்து போனைப் பார்ப்பான். ஆட்டம் நன்றாக இருந்தது என்று அது சொன்னால்தான் இவனுக்கும் நன்றாக இருக்கும். சாப்பிட்டு முடித்துவிட்டு, தனக்கு வயிறு நிறைந்ததா என்று பக்கத்து வீட்டில் போய்க் கேட்கிற கூட்டம்.

கால்பந்து கிளப்பின் சலவை அறைக்குள் யார் நுழைந்தாலும், அங்கே துணி துவைக்கிற பெரியவர் இந்தப் பாட்டைத்தான் பாடுவார். பார்வையாளர் படிக்கட்டுகளுக்கு அடியில் ஜன்னல் இல்லாத அறை. இரண்டு பெரிய மெஷின்கள். ஒன்று சுற்றும்போது தரையே நடுங்கும். கொடியில் சட்டைகள் தலைகீழாகத் தொங்கும். ஆட்டக்காரர்கள் அவரை சோப்புத் தாத்தா என்பார்கள். மண் கறை, புல் கறை, ரத்தக் கறை, எதுவானாலும் அவர் கைபட்டால் போய்விடும். பள்ளிக்கூடத்தில் எழுத்துக்கூட்டிப் படிக்கிற வரைக்கும் உட்கார்ந்திருந்தார், அதற்கு மேல் பொறுமை இல்லை.

இரண்டு வருடம் முன்பு அந்த டப்பாக்கள் வந்து சேர்ந்தன. தீப்பெட்டி அளவுதான். ஆட்டக்காரன் சட்டைக்குள் போடுகிற இறுக்கமான பனியனில், முதுகுப் பக்கம் ஒரு பை. அதற்குள் இதைச் செருக வேண்டும். ஒவ்வொன்றின் மேலும் ஆட்டக்காரனின் நம்பர். ஆட்டத்துக்கு முன்னால் டப்பாக்களைப் பனியனில் வைப்பதும், முடிந்ததும் எடுத்து அலமாரியில் சார்ஜ் போட்டுப் பூட்டுவதும் பெரியவர் வேலையாயிற்று.

"எதுக்கும்மா இது? மாட்டுக்கு மணி கட்டற மாதிரி?" என்று டப்பாவைக் கொண்டுவந்த பெண்ணிடம் கேட்டார்.

"யார் எவ்வளவு ஓடறாங்கன்னு தெரியும் தாத்தா. ஓட்டம் மட்டும் இல்ல..."

"போதும், போதும். யார் ஓடறான், யார் ஓடலைன்னு சட்டையைப் பிழிஞ்சா நான் சொல்லிடுவேன். அதுக்கு ஒரு டப்பா, அந்த டப்பாவுக்கு ஒரு படிச்ச பொண்ணு, அந்தப் பொண்ணுக்கு ஒரு ஏசி ரூம்."

அவள் சிரித்துவிட்டுப் போய்விட்டாள். அன்றிலிருந்து அவருக்கு அவள் கணக்கம்மா. அவள் எதிரில் வந்தால் வாயால் மணி அடித்துக் காட்டுவார். அவளும் கோபித்துக்கொள்ளமாட்டாள். அது அவருக்கு இன்னும் எரிச்சல்.

எட்டாம் நம்பர் டப்பா அவர் மகனுடையது. நடுக்களத்தில் ஆடுகிறவன். ரசிகர்கள் அவனுக்கு வைத்த பெயர் நங்கூரம். கல்யாணமாகி வெகுகாலம் கழித்துப் பிறந்த ஒரே பிள்ளை. அவன் ஆட வந்த நாளிலிருந்து அவன் சட்டையைப் பெரியவர் மெஷினில் போட்டதில்லை, கையால்தான் துவைப்பார். அதைக் கேலி செய்தவர்களுக்கு, "உன் அப்பனையும் வந்து துவைக்கச் சொல்லு" என்பது பதில்.

இப்போது அவனுக்கு முப்பத்தி மூன்று. வீட்டில் இருபத்தி மூன்று என்றுதான் நினைப்பு. கிளப்பில் அறுபத்தி மூன்று மாதிரி பார்க்கிறார்கள். இந்த சீசனோடு ஒப்பந்தம் முடிகிறது. நீட்டினால் உண்டு. நீட்டாவிட்டால் இந்த வயதில் வேறு எந்த கிளப்பும் கூப்பிடாது. பந்தைத் தவிர அவனுக்கு வேறு தொழிலும் தெரியாது. மருமகள் தினமும் சாயங்காலம் கதவைத் திறக்கும்போதே கேட்பாள்.

"மாமா, ஏதாவது பேசிக்கிறாங்களா?"

"என்கிட்ட யாரும்மா பேசறாங்க? சட்டைதான் பேசுது."

முன்பெல்லாம் யாரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்புவது என்று கோச் சொன்னால் முடிந்தது. இந்த வருடம் கணக்கம்மாவின் கணக்கும் மேலிடத்துக்குப் போகும் என்று மேனேஜர் கூட்டம் போட்டுச் சொல்லிவிட்டார். உடைமாற்றும் அறைச் சுவரில் ஒரு டிவியும் மாட்டினார்கள். ஆட்டம் முடிந்து டப்பாக்கள் அலமாரிக்குத் திரும்பியதும் யார் எவ்வளவு ஓடினார்கள் என்று அது தானாகவே காட்டும். நிறைய ஓடினவன் மேலே, பச்சையில். குறைவாக ஓடினவன் கீழே, சிவப்பில். நங்கூரம் எப்போதும் கீழே கிடந்தான். நங்கூரம் வேறெங்கே கிடக்கும் என்று அதற்கும் ஒரு சிரிப்பு.

"அண்ணே, உள்ள ஆடினீங்களா, நாற்காலி போட்டு உக்காந்தீங்களா?" என்பான் பதினொன்றாம் நம்பர் பையன். ராக்கெட் என்று கூப்பிடுவார்கள். இடது கோட்டோரமாகப் போவதும் வருவதுமாக ஆட்டம் முழுக்க ஓடுகிறவன். அவன் பெயர் எப்போதும் உச்சியில்.

மகன் சிரிப்பான். சிரித்துக்கொண்டே டிவியை ஒரு தரம் பார்ப்பான். அந்தப் பார்வையைத்தான் பெரியவரால் தாங்க முடியவில்லை. சின்ன வயதில் பரீட்சைத் தாளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நிற்பானே, அதே மூஞ்சி.

சீசன் முடிய இரண்டு ஆட்டம் பாக்கி இருந்தது. அன்று மத்தியானம் பனியன்களை வரிசையாகப் பெஞ்சில் பரப்பி வைத்துவிட்டு, பெரியவர் அலமாரியைத் திறந்தார். எட்டாம் டப்பாவை எடுத்தார். பதினொன்றாம் டப்பாவையும் எடுத்தார். இரண்டும் ஒரே கனம், ஒரே கறுப்பு. வீட்டு கரண்டு மீட்டர் மாதிரிதானே இது என்று யோசித்தார். எவ்வளவு என்று மீட்டருக்குத் தெரியும். எந்த அறையில் எரிந்த விளக்கு என்று அதற்கு எப்படித் தெரியும்? பதினொன்றை மகன் பனியனில் செருகினார். எட்டை ராக்கெட் பனியனில் வைத்தார். ராக்கெட் சின்னப் பையன், ஒரு நாள் கீழே இறங்கினால் குடியா முழுகிவிடும்? அலமாரியைப் பூட்டினார்.

ஆட்டம் சமனில் முடிந்தது. டப்பாக்கள் அலமாரிக்குத் திரும்பிக் கொஞ்ச நேரத்தில் உடைமாற்றும் அறையில் ஒரே கூச்சல்.

"டேய், நங்கூரம் கப்பலாயிடுச்சுடா!"

"அண்ணே, என்னண்ணே சாப்பிட்டீங்க? எனக்கும் கொஞ்சம் மிச்சம் வைங்க!"

ராக்கெட் மட்டும் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். "இது என்னடா, நான் தூங்கிட்டா இருந்தேன்?"

மகன் ஈரத் தலையோடு டிவியை அண்ணாந்து பார்த்தபடி நின்றான். முதலில் குழப்பம்தான். பிறகு மெதுவாக அந்த முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. கதவோரத்தில் அழுக்குத் துணிக் கூடையைப் பிடித்துக்கொண்டிருந்த பெரியவர் அதைப் பார்த்தார். பார்த்திருக்க வேண்டாம்.

அன்றைக்கு வீட்டில் அவன் இரண்டாம் தரம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

"இன்னிக்குக் கால் கனமாத்தான் இருந்த மாதிரி இருந்துச்சு," என்றான் மனைவியிடம். "ஆனா பாரேன், ராக்கெட்டை விட நான் ஓடியிருக்கேன். நான் நெனச்ச அளவுக்கு வயசாகலபோல."

"நான்தான் சொன்னேன்ல," என்று மருமகள் மாமனாரைப் பார்த்துச் சிரித்தாள். "மாமா, நீங்க ஒண்ணும் பேசலையே?"

"சாப்பிடும்போது என்ன பேச்சு," என்றார் பெரியவர்.

மறுநாள் காலையில் மகனை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். ஒப்பந்தம்தான் என்று எல்லோரும் நினைத்தார்கள். ராக்கெட் கைகூட கொடுத்தான். பெரியவர் மெஷினில் துணியைப் போட்டுவிட்டு அதன் மேலேயே கையை ஊன்றி நின்றார்.

மகன் சலவை அறைக்கு வந்தபோது முகத்தில் ரத்தமே இல்லை.

"அப்பா, நான் டப்பாவை மாத்திட்டேனாம்."

பெரியவர் மெஷின் மேலிருந்த கையை எடுத்தார்.

"திருட்டுத்தனமாம். இனிமே வர வேண்டாமாம், கடைசி ஆட்டத்துக்கும். போன வாரம் அந்த டப்பாப் பொண்ணுகிட்ட, என் நம்பரைக் கொஞ்சம் ஏத்தி விடேன்னு தமாஷுக்குக் கேட்டேன். அதையும் சேர்த்துப் பேசறாங்க. அலமாரிச் சாவி உங்ககிட்டதான இருக்கு? வாங்கப்பா, வந்து சொல்லுங்க, நான் அதைத் தொடவே இல்லைன்னு."

மெஷின் சுற்றி நின்றது. அந்த அமைதியில் மகன் அப்பாவின் முகத்தைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான்.

"நீங்களா?"

"நீ மேல இருக்கணும்னு..."

"நேத்து நான் வீட்டுல பேசினப்பவும் உங்களுக்குத் தெரியும்." அவன் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் பெரியவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். "ரெண்டாம் தரம் சோறு போட்டுக்கிட்டேன். பார்த்துக்கிட்டே உக்காந்திருந்தீங்க."

"டேய், நான் போய்ச் சொல்றேன். இப்பவே சொல்றேன். என் வேலைதான போகும், போகட்டும்."

மகன் கொடியிலிருந்த தன் சட்டையை ஒரு விரலால் தொட்டான். எடுக்காமல் போய்விட்டான்.

பெரியவர் ஈரக் கையோடு ஆபீஸ் படியேறினார். மேனேஜர், கோச், கணக்கம்மா மூன்று பேரும் இன்னும் அங்கேதான் இருந்தார்கள். கதவைத் தட்டவில்லை.

"நான்தான் மாத்தினேன். எட்டையும் பதினொண்ணையும். அவனுக்கு ஒண்ணும் தெரியாது."

மேனேஜர் நாற்காலியில் சாய்ந்தார். நெடுநாள் பழகியவர், நல்ல மனிதர்தான். கம்ப்யூட்டரைப் பெரியவர் பக்கம் திருப்பினார். பச்சைக் கட்டம், அது மைதானமாம். அதில் இடது ஓரமாகச் சிவப்புத் தீற்றல்.

"இது எட்டாம் நம்பர் டப்பா, உங்க பையன் முதுகுல இருந்திருக்க வேண்டியது. ஆட்டம் பூரா கோட்டோரமா ஓடியிருக்கு பாருங்க. உங்க பையன் நின்னதெல்லாம் நடுவுல. டப்பாவுக்கு இடமும் தெரியும் பெரியவரே. இந்தம்மா காலையில திறந்ததுமே கண்டுபிடிச்சிட்டாங்க."

பெரியவர் அந்தத் தீற்றலைப் பார்த்தார். எந்த அறையில் எந்த விளக்கு எரிந்தது என்று மீட்டருக்குத் தெரிந்திருக்கிறது.

"அதான் சொல்றேன்ல, மாத்தினது நான்."

"சொல்லிட்டு வாங்கன்னு உங்க பையன் அனுப்பினாரா?"

"என்ன?"

"கோச்சுக்காதீங்க. உங்களைப் பத்தித் தெரியாதா எனக்கு? இத்தனை வருஷத்துல ஒரு கர்சீப் காணாமப் போனதில்ல. பெத்த மனசு. நான் உங்க இடத்துல இருந்தா நானும் இதையேதான் சொல்லுவேன்."

"என் பிள்ளை மேல சத்தியமா நான்தான்."

"பிள்ளைக்காகத்தான பெரியவரே சத்தியமே." மேனேஜர் எழுந்து வந்து தோளில் கை வைத்தார். "அப்படியே நீங்க செஞ்சதா இருந்தாலும், முதுகுல இருக்கிற டப்பா மேல பதினொண்ணுன்னு போட்டிருக்கு. பனியனை மாட்டிக்கிறவன் பார்க்கமாட்டானா?"

"அவன் ஏன் பார்க்கணும்? வச்சது அவன் அப்பன். அப்பன் வச்சதை எவன் சோதிச்சுப் பார்ப்பான்?"

பெரியவர் கோச்சைப் பார்த்தார். கோச் தன் ஷூ லேஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்களாவது சொல்லுங்கய்யா. பதினாலு வயசுலேர்ந்து உங்க கையில வளர்ந்தவன். திருடுவானா?"

"மேல எழுதியாச்சு," என்றார் கோச், தலை நிமிராமல். "இனி என் கையில இல்ல."

உண்மையைச் சொன்னால் அடி விழும் என்று பயந்த காலம் உண்டு. உண்மையைச் சொல்லியும் உபசாரமாகத் தோளில் தட்டி அனுப்புவார்கள் என்பது அவருக்குப் புதிது. வேலையைவிட்டுத் தூக்குங்கள் என்று கத்திப் பார்த்தார். தண்ணீர் குடிக்கிறீர்களா என்று கேட்டார்கள்.

வெளியே நீளமான நடை. சுவர் முழுக்கப் பழைய ஆட்டக்காரர்களின் படங்கள். பாதி தூரம் போவதற்குள் பின்னால் செருப்புச் சத்தம்.

"தாத்தா, நில்லுங்க."

கணக்கம்மா. மூச்சு வாங்கியது.

"நீங்கதான் செஞ்சீங்கன்னு நான் நம்பறேன்."

"உள்ள சொல்றதுக்கென்ன? வாயில என்ன வச்சிருந்த?"

"சொன்னேன். நீங்க வரதுக்கு முன்னாடியே, உங்க பையன் இப்படிச் செய்யறவர் இல்லைன்னு சொன்னேன். டப்பா பொய் சொல்லாதுன்னு நீதானம்மா சொல்லுவன்னு என் வார்த்தையையே எனக்குத் திருப்பிக் கொடுத்துட்டாங்க." அவள் நிறுத்தினாள். சொல்லலாமா வேண்டாமா என்று தயங்குவது தெரிந்தது. "அந்த டிவி சும்மா ஓட்டத்தை மட்டும் காட்டும். ஒருத்தர் எவ்வளவு உதவறார்னு பார்க்க அது போதாது. உங்க பையன் ஓடறதே இல்ல, ஏன்னா பந்து வர இடத்துல முன்னாடியே நிக்கிறார். அவர் உள்ள இருந்த நேரத்துல நம்ம டீம் கோல் வாங்கினது ரொம்பக் கம்மி. இன்னும் ஒரு வருஷம் அவர் கட்டாயம் இருக்கணும்னு நான் எழுதிக் கொடுத்து ஒரு வாரம் ஆச்சு."

பெரியவர் அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"பொய்."

"நெஜம் தாத்தா."

"கெழவன் அழுவான்னு ஏதாவது சொல்லி அனுப்பப் பார்க்கிற."

"வாங்க, என் ரூம்ல இருக்கு. காட்டறேன்."

"என்னத்தைக் காட்டுவ? இங்கிலீசுலயும் நம்பர்லயும் எதையோ காட்டுவ. அதுல என்ன இருக்குன்னு நீதான் எனக்குப் படிச்சுச் சொல்லணும். அப்புறம் நீ சொல்றதைத்தான் நான் நம்பணும். அப்படித்தான?"

"ஆமா," என்றாள் அவள், சின்னக் குரலில்.

"அவன் டிவியைப் பார்த்துப் பார்த்துச் செத்தானே, அப்ப சொல்லியிருக்கலாம்ல ஒரு வார்த்தை?"

"மேல முடிவு பண்ற வரைக்கும் ஆட்டக்காரங்க யார்கிட்டயும் சொல்லக்கூடாது. அது ரூல்."

"ரூலு," என்றார் பெரியவர்.

அவள் சொன்னது நிஜமாக இருந்தால் என்ன ஆகும் என்று ஒரு கணம் யோசித்தார். அந்தப் பக்கம் மனதை அதற்கு மேல் விடவில்லை. வெந்நீரில் கையை விட்டவன் மாதிரி சட்டென்று இழுத்துக்கொண்டார். பொய்தான். பொய்யாகத்தான் இருக்க வேண்டும். ஓடாதவனை உசத்தி என்று எந்த மெஷின் சொல்லும்?

"தாத்தா, உங்க பையன்கிட்டயாவது இதைச் சொல்லுங்க. அவருக்குத் தெரியணும்."

"நீயே சொல்லிக்கோ. நான் சொன்னா அவன் இனிமே எதை நம்புவான்?"

அவள் ஏதோ சொல்ல வந்தாள். அவர் நிற்கவில்லை. வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார். அவள் மேலே நின்று இன்னொரு முறை கூப்பிட்டாள்.

"நின்னுக்கிட்டே ஜெயிச்சானாம். டப்பா பார்த்துச்சாம்," என்று முணுமுணுத்தபடி, சலவை அறைப் பக்கம் திரும்பாமல் வெளிக்கதவை நோக்கி நடந்தார்.