நீச்சல் தெரியும் என்று சொன்னவன்

பூமிநாதன் சொன்ன பொய்களில் பெரும்பாலானவை பள்ளிக்கூட வாசலோடு முடிந்துபோனவை. ஒன்று மட்டும் கடற்படை வரைக்கும் போனது. சென்னையில் ஆள் எடுப்பு நடந்தபோது எழுத்துத் தேர்வு, ஓட்டம், தண்டால், பஸ்கி எல்லாம் தாண்டி, டாக்டர் கையையும் தாண்டி, கடைசியாக ஒரு மேசைக்கு முன்னால் நின்றான். காகிதத்தில் ராமநாதபுரம் மாவட்டம் என்று இருந்ததைப் பார்த்த தமிழ்க்கார அதிகாரி முகம் மலர்ந்து, "ராமேஸ்வரம் பக்கமா? அப்ப நீச்சல் தண்ணிபட்ட பாடா இருக்குமே!" என்றார். "ஆமா சார்" என்று சொல்லிவிட்டான். அவரும் சிரித்துக்கொண்டே எதையோ எழுதிக்கொண்டார்.

அவனுடைய ஊர் கீரனேந்தல், ஆர்.எஸ்.மங்கலத்துக்கு மேற்கே. அங்கிருந்து ராமேஸ்வரம் போக இரண்டு பஸ் மாற வேண்டும். கண்மாயில் தண்ணீர் கிடந்த வருஷங்களில் அவன் அம்மா சண்முகவள்ளி அவனைக் கரைப்பக்கமே விடவில்லை, ஏனென்றால் அவளுடைய தம்பி ஒருவன் அதில் மூழ்கிச் செத்திருந்தான். அவளுக்குப் பயம் தெளிந்தபோது கண்மாயில் தண்ணீர் இல்லை. இந்த 2003-ஆம் வருஷத்தோடு சேர்த்து மூன்றாவது வருஷமாக மழை ஏமாற்றியிருந்தது. கண்மாய்க்குள் கருவேலம் காடாக மண்டிக் கிடந்தது, ஊரே அதை வெட்டிக் கரிமூட்டம் போட்டுத்தான் கஞ்சி குடித்தது.

ஜூலைக் கடைசியில் ஒரிசாவில் சில்கா ஏரிக்கரையில் இருக்கிற பயிற்சி நிலையத்துக்கு வந்து சேர வேண்டும் என்று கடிதம் வந்தது. அதை நகல் எடுக்கப் போன ஜெராக்ஸ் கடையில், தன் மச்சினன் பட்டாளத்தில் இருப்பதாகச் சொல்லிக்கொண்ட ஒருவன் ஓசியில் ஆலோசனை கொடுத்தான். "நேவில நீச்சல் தெரியாதவன மொத வாரமே பொட்டியக் கட்டச் சொல்லிருவான். அதுலயும் தெரியும்னு பொய் சொல்லிப் போனவன்னா கேக்கவே வேணாம்." அவனுக்கு மச்சினன் இருந்தானோ என்னவோ, பூமிநாதன் அதை அப்படியே நம்பிவிட்டான். பதினெட்டு வயதில் இந்த வேலை கைநழுவினால், அவன் அய்யா கூத்தையாவைப் போல அரிவாளைத் தூக்கிக்கொண்டு கருவேலங்காட்டுக்குப் போக வேண்டியதுதான்.

மற்ற தயாரிப்புகளில் குறை வைக்கவில்லை. காலை நாலரைக்கு எழுந்து ஊருணிக் கரையை இருபது சுற்று ஓடினான். வேப்பங்கிளையில் தொங்கி உடம்பை ஏற்றி இறக்கினான். கட்டிலை விட்டுத் தரையில் படுத்தான். அங்கே சோறு கிடையாது, சப்பாத்திதான் என்று கேள்விப்பட்டு வாரத்தில் மூன்று நாள் சப்பாத்தி கேட்டான். சண்முகவள்ளி சுட்ட சப்பாத்தியைத் தின்று பழகியவனுக்கு எந்தப் பட்டாளத்துச் சாப்பாடும் பெரிய விஷயம் இல்லை. இந்தியில் திட்டினால் முகம் சுருங்கக் கூடாது என்று கண்ணாடி முன்னால் நின்று தன்னையே திட்டிப் பார்த்தான். தெரிந்த இந்தி நாலு வார்த்தை என்பதால் திட்டு சீக்கிரம் தீர்ந்துபோனது.

நீச்சலுக்குத்தான் வழியில்லை. தேவிபட்டினத்தில் இருந்த பள்ளிக்கூடச் சேக்காளி பாக்கரைத் தேடிப் போனான். பாக்கர் அவனைக் கடலுக்குள் கூட்டிக்கொண்டு நடந்தான், நடந்தான், நடந்துகொண்டே இருந்தான். கால் மைல் போயும் தண்ணீர் முழங்காலைத் தாண்டவில்லை. காலுக்கடியில் பாசியும் சகதியும்தான். "ஆழம் வேணும்னா வல்லத்துல ஏறிப் போகணும்பா. ஆழத்துல உன்ன எறக்கி விட்டுட்டு, எதாச்சும் ஆச்சுன்னா ஒங்க அம்மாவுக்கு யாரு பதில் சொல்றது?" என்றான் பாக்கர். பூமிநாதன் சிப்பி கிழித்த காலோடு பஸ் ஏறினான்.

கீரனேந்தலில் மிச்சம் இருந்த தண்ணீர் ஊருணியில்தான் இருந்தது. நாற்பத்திரண்டு வீட்டுக்கும் குடிக்க அது ஒன்றுதான். தோண்டிய இடமெல்லாம் உப்புத் தண்ணீர் வரும் ஊர் அது. அதனால் ஊருணிக்குள் ஆடு மாடு இறங்கக் கூடாது, துணி அலசக் கூடாது, செருப்போடு கரையேறக் கூடாது. பெண்கள் கடைசிப் படியில் குந்தி, கால் நனையாமல் குடத்தை முக்குவார்கள். கோடையில் காவலும் உண்டு. ஒரு கம்பு வீடு வீடாகப் போகும், கம்பு எந்த வாசலில் சாத்தியிருக்கிறதோ அன்றைக்குக் காவல் அந்த வீட்டுக்காரர்களுடையது.

பூமிநாதன் எப்படியும் கரையைச் சுற்றி ஓடிக்கொண்டிருக்கிறவன். விறகு வெட்டப் போகிறவர்களுக்கு அது வசதியாகப் போயிற்று. "ஏலே பூமி, நீ இங்கனதான கெடக்கப்போற, செத்த பாத்துக்கப்பா" என்று கம்பை அவன் கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஜூன் மாதம் முழுக்க ஊர்த் தண்ணீருக்குக் காவல் அவன்தான். நம்பித்தான் கொடுத்தார்கள். பின்னால் அவனைக் குடைந்தது அதுதான்.

ஒருநாள் உச்சிவெயிலில் ஊரில் ஈ காக்கை இல்லை. கம்பைக் கரையில் ஊன்றி, சட்டையை அதில் மாட்டிவிட்டு, குடம் முக்காத தெற்குப் பக்கத்தில் இறங்கினான். நடுவில் கழுத்தளவு இருந்தது. முதல் நாள் தண்ணீரைக் குடித்ததுதான் மிச்சம். மூன்றாம் நாள் மிதந்தான். அடுத்த வாரத்தில் ஏழெட்டு முறை கையை வீசி முன்னால் போக முடிந்தது. அதற்குப் பிறகு கால்கள் என்னவோ தானாகவே தரையைத் தேடின. சாயங்காலம் தண்ணீர் எடுக்க வந்த பெண்கள் கலங்கலைப் பார்த்துவிட்டு, அடிவண்டல் கிளம்புகிறது, தண்ணீர் வற்றிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். தேத்தாங்கொட்டையைக் குடத்தில் உரசித் தெளிய வைத்துக் குடித்தார்கள். அவன் வீட்டிலும் அதையேதான் குடித்தார்கள். தன் பேத்தி இரண்டு நாளாக வாந்தி எடுக்கிறாள் என்று பக்கத்து வீட்டு இராமலட்சுமி சொன்னபோது, அது வெயிலால்தான் இருக்கும் என்று பூமிநாதன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

ஒன்பதாம் நாள் சண்முகவள்ளி அவனுக்குக் கஞ்சி கொண்டுவந்தாள். கரையேறிப் பார்த்தபோது கம்பில் சட்டை தொங்கியது, காவல்காரன் நடு ஊருணியில் கைகாலை அடித்துக்கொண்டிருந்தான். அவள் தூக்குவாளியைக் கீழே வைத்தாள்.

"ஏறுலே மேல."

ஏறினான். ஒரு அறை விழுந்தது. வாங்கிக்கொண்டு, மேசை முன்னால் சொன்ன பொய்யிலிருந்து ஜெராக்ஸ் கடையில் கேட்ட பேச்சு வரைக்கும் எல்லாவற்றையும் கொட்டினான். அவள் கேட்டாள். கேட்டு முடித்துவிட்டு வீட்டுக்குப் போய் மூன்று குடத் தண்ணீரையும் முருங்கை மரத்தடியில் கவிழ்த்தாள். பிறகு வெறுங்கையோடு ஊருணிக்குத் திரும்பி நடந்தாள். அவள் எதற்குப் போகிறாள் என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. பின்னாலேயே ஓடினான்.

"அம்மா, நாளைக்கு என்னைய விசாரிக்கப் போலீஸ் வருதும்மா. ஊர்ல யாராச்சும் ஒரு வார்த்த தப்பாச் சொன்னா எல்லாம் போச்சு. இனிமே எறங்க மாட்டேன். நீ சொன்னாத்தான தெரியும்?"

"எனக்குத் தெரியுதுல்ல? இராமலட்சுமி பேத்தி இன்னைக்கும் இதத்தான குடிக்கப்போகுது?"

படியில் குடங்களோடு வந்துகொண்டிருந்த பெண்களை நிறுத்தி, "யாரும் மொள்ளாதீக. எம்மகன் தண்ணிக்குள்ள எறங்கிட்டான். ஒம்போது நாளா எறங்கியிருக்கான்" என்றாள். இராமலட்சுமி குடத்தை இடுப்பிலிருந்து இறக்கிவிட்டு அவனையே பார்த்தாள். அவள் வைது தீர்த்திருந்தால் தேவலை என்று இருந்தது அவனுக்கு. அம்மாவை அந்த நேரத்தில் அவன் வெறுத்தான். பெற்ற மகனுக்குக் குழி வெட்டுகிறாளே என்று நினைத்தான்.

மறுநாள் காலை வேப்பமரத்தடியில் ஊர் கூடியது. ஊர் அம்பலம் மருதுபாண்டி நடுவில் உட்கார்ந்திருந்தார். கூத்தையா தோளில் கிடந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஊர் முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். அய்யா அப்படி விழுந்ததைப் பார்க்கும்போது, வேலையும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று பூமிநாதனுக்குத் தோன்றியது. அந்த நேரம் பார்த்துத்தான் ஏட்டு வீரபத்திரன் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

"கூத்தையா மகன் பூமிநாதன்னு ஒருத்தன். நேவிக்கு விசாரணை. கேசு, அடிதடி எதும் உண்டா?" என்று கேட்டுக்கொண்டே காகிதத்தை விரித்தவர், யாரும் வாய் திறக்காததைப் பார்த்து நிமிர்ந்தார். "என்னய்யா, கொலகிலை எதும் பண்ணிட்டானா?"

"ஊருணில எறங்கிட்டான்" என்றார் மருதுபாண்டி.

ஏட்டு சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. அவரும் தண்ணீருக்குத் தவிக்கிற முதுகுளத்தூர்ப் பக்கத்துக்காரர். "குடிக்கிற ஊருணியிலயா?" என்று கேட்டுவிட்டுத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

மருதுபாண்டி பூமிநாதனைக் கூப்பிட்டு நிறுத்தினார். "எதுக்குடா எறங்குன?"

"நீச்சல் தெரியும்னு பொய் சொல்லிட்டேன்யா. தெரியலைன்னா திருப்பி அனுப்பிருவாக."

"இப்பத் தெரியுமா?"

"இன்னும் சரியா வரலைங்கய்யா."

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மருதுபாண்டி சிரிக்கவில்லை. இராமலட்சுமி பக்கம் திரும்பி, "நீ என்னத்தா சொல்ற? ஒம் பேத்திதான் கெடையாக் கெடந்துச்சு" என்றார்.

"அந்தப் பிள்ள எந்திரிச்சிருச்சு" என்றாள் இராமலட்சுமி. "இவுக அம்மா சொல்லாட்டி இன்னும் குடிச்சிக்கிட்டேதான இருந்திருப்போம்? அவ மொகத்துக்காக விடுறேன். ஆனா எனக்கு நல்ல தண்ணி வேணும். இன்னைக்கே வேணும்."

அதோடு முடிவாயிற்று. வண்டல் படிந்து தண்ணீர் தெளிய எட்டு நாள் ஆகும். அதுவரைக்கும் வீட்டுக்கு இரண்டு குடம் வீதம் நாற்பத்திரண்டு வீட்டுக்கும் பூமிநாதன்தான் தண்ணீர் கொண்டுவர வேண்டும். நல்ல தண்ணீர் வரும் அடிகுழாய் ஒன்றரை மைல் தள்ளி இருந்தது. மருதுபாண்டி ஏட்டிடம் காகிதத்தை வாங்கி, "ஊர்க்குத்தம் வேற, கேசு வேற. இவன் மேல கேசு ஒண்ணும் இல்ல" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். ஏட்டு போகும்போது பூமிநாதன் காதோரம், "வேற ஊரா இருந்தா கையக் கால ஒடிச்சிருப்பாய்ங்க" என்றார்.

சைக்கிளில் ஒரு நடைக்கு ஆறு குடம். ஒரு நாளைக்குப் பதினான்கு நடை. அடிகுழாயை அடித்து அடித்து உள்ளங்கை உரிந்தது, தொடை இறுகியது. இரண்டாம் நாள் முடிவில் நடக்க முடியாமல் வாசலிலேயே படுத்தான். மூன்றாம் நாள் விடிந்தபோது சண்முகவள்ளி இடுப்பில் ஒன்றும் தலையில் ஒன்றுமாகக் குடத்தோடு அவனுக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தாள். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தான். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்த எட்டு நாளில் ஒரு வீட்டிலும் அவனை யாரும் ஏசவில்லை. குடத்தை வாங்கி ஊற்றிக்கொண்டு கதவைச் சாத்தினார்கள். திட்டுக்கு முகம் சுருங்கக் கூடாது என்று பழகியிருந்தவனுக்கு இந்த மௌனத்தைத் தாங்கத் தெரியவில்லை.

நீச்சல் அரைகுறையாகத்தான் இருந்தது. அந்தப் பயத்தோடுதான் ரயில் ஏறினான்.

சில்காவில் மூன்றாம் நாள் காலை, தலையை ஒட்ட வெட்டிய நூற்றைம்பது பையன்களை நீச்சல்குளத்து ஓரத்தில் வரிசையாக நிறுத்தினார்கள். பயிற்சி கொடுக்கிறவர் இந்தியில் ஏதோ கத்தினார். பூமிநாதனுக்குப் பக்கத்தில் நின்ற நாகர்கோவில்காரன், "நீச்சல் தெரியாதவன் கையத் தூக்கணுமாம்" என்று முணுமுணுத்தான்.

ஏழெட்டு வீச்சு தெரியும். கையைத் தூக்காமல் இருந்துவிட்டால் இன்றைக்கு ஒருநாள் தப்பிக்கலாம். ஆனால் அம்மா அந்தப் படியில் நின்றுகொண்டு சொன்ன குரல் அவனுக்குக் கேட்டது. திருப்பி அனுப்பினால் அனுப்பட்டும் என்று கையைத் தூக்கினான். பெட்டியைக் கட்டும் எண்ணத்தோடே தூக்கினான்.

அக்கம்பக்கம் பார்த்தால் வரிசையில் பாதிக்கு மேல் கைகள் மேலே இருந்தன. ராஜஸ்தான்காரன், பீகார்காரன் எல்லாரும் தூக்கியிருந்தார்கள். பயிற்சி கொடுக்கிறவர் புருவத்தைக்கூட உயர்த்தவில்லை. தலையை எண்ணினார், பெயர்களை எழுதினார். தினமும் காலையில் ஒரு மணி நேரம் சொல்லித் தருவோம், ஒரு மாதத்தில் எல்லாரும் நீந்துவீர்கள் என்றார், நாகர்கோவில்காரன் அதையும் தமிழில் சொன்னான். அவ்வளவுதான். அடுத்த வேலைக்குப் போய்விட்டார்.

பூமிநாதனுக்குச் சந்தோஷம் வரவில்லை. இதற்காகவா நாற்பத்திரண்டு வீட்டுத் தண்ணீரைக் கலக்கினேன், இதற்காகவா அய்யா மண்ணில் விழுந்தார் என்று தன்னையே கேட்டுக்கொண்டான்.

விசில் ஊதியது. கை தூக்கியவர்கள் எல்லாம் ஆழமில்லாத பக்கத்தில் தொப்புத் தொப்பென்று குதித்தார்கள். பூமிநாதன் விளிம்பில் நின்றான். அடியில் பதித்த கல் ஒவ்வொன்றும் தெரிகிற தண்ணீர். அவ்வளவு தெளிந்த தண்ணீரை அவன் குடத்தில்கூடப் பார்த்ததில்லை. கால் எழவில்லை. மறுபடியும் விசில் ஊதியது, அவனைப் பார்த்து யாரோ கத்தினார்கள்.

"ஏப்பா, இந்தத் தண்ணிய யாரும் குடிக்கிறதில்லையே?" என்றான், ஏற்கெனவே உள்ளே நின்ற நாகர்கோவில்காரனிடம்.

"மருந்து போட்ட தண்ணியாக்கும். இத எவன் குடிப்பான்? இறங்குலே!"

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

பூமிநாதன் குனிந்து, தண்ணீரைக் கையால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, காலை வைத்தான்.