முதல் இரண்டு வரிசை

துறைமுகத்தில் முப்பது வருஷம் கிரேன் ஓட்டியவர் அவர். நான்கு கிடங்கு தாண்டிக் கேட்கும் குரல் என்பதால் கூட்டாளிகள் வைத்த பெயர் ‘வெண்கலம்’. கண் ஆபரேஷன் முடிந்து, கட்டோடு வீட்டில் அடைந்து கிடந்தவருக்குப் பொழுது போகட்டுமே என்று மகள் நூலகத்திலிருந்து ஒரு தடித்த புத்தகம் கொண்டுவந்தாள். காலமான முன்னாள் பிரதமரின் நாட்குறிப்புகள்.

“அந்த நடுங்கிப் பயலோட டைரியா? வேற புத்தகமே கிடைக்கலையா உனக்கு?”

“கேளுங்கப்பா. நீங்க வேலைநிறுத்தம் பண்ண வருஷம் இதுல இருக்கு.”

‘நடுங்கி’ என்று பெயர் வைத்ததே வெண்கலம்தான். அந்த வேலைநிறுத்தத்தின்போது தொழிலாளர்கள் துறைமுக வாசலில், நீட்டிய துப்பாக்கிகளுக்கு எதிரே மூன்று மணி நேரம் நின்றார்கள். திடீரென்று போலீஸ் வண்டிகள் திரும்பிப் போயின. ‘பயந்துட்டான்டா!’ என்று அவர் போட்ட கூச்சல் ஊரெல்லாம் பரவியது. அடுத்த மாதமே பிரதமரின் பதவியும் போயிற்று.

மகள் பக்கம் தேடி வாசித்தாள்.

“‘மாலை நான்கு மணி. அதிகாரி போனில் உத்தரவு கேட்கிறார். முதல் இரண்டு வரிசை விழுந்தால் மற்றவர்கள் கலைந்துவிடுவார்களாம். எத்தனை பேர் என்றேன். நாற்பது இருக்கும் என்றார். பெயர் தெரியுமா என்றேன். தெரியாதாம். எல்லோரையும் திரும்பி வரச் சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகு தண்ணீர் டம்ளரைப் பிடிக்க முடியவில்லை, கை அப்படி ஆடுகிறது. இனி என்னைக் கோழை என்பார்கள். சொல்லட்டும்.’”

வெண்கலம் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“அப்பா, நீங்க எந்த வரிசையில...”

“முதல் வரிசை. நட்டநடுவுல. நீ பிறந்து பதினோரு நாள்.”

மகள் புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்தாள். தெருவில் யாரோ கிளம்பாத வண்டியை உதைத்துக்கொண்டிருந்தார்கள்.

“ஒருத்தர்கிட்டயும் சொல்லலையேம்மா அவரு,” என்றார் கடைசியில். “பதவி போனப்பக்கூட வாயைத் திறக்கலையே. நான் கத்தினதெல்லாம் அவரு காதுல விழுந்திருக்குமே!”

அப்பா வாயில் அந்த ‘அவரு’ வந்தது மகளுக்குப் புதிதாக இருந்தது.

“இன்னொரு தடவை படி.”

படித்தாள். மூன்றாம் தடவை முடிந்ததும், “பேப்பர் எடு. அந்த நாப்பது பேரோட பேரெல்லாம் எனக்குத் தெரியும், எழுது,” என்றார்.

வெல்டர் அண்ணன் தம்பி, ஓட்டைவாய், கயிறு கட்டுகிற மாமா என்று ஆரம்பித்தார். இருபத்து மூன்றாவது ஆளில் தடுமாறிப்போய், வெல்டர் தம்பிக்குப் போன் போடச் சொன்னார்.

“டேய், நான்தான். நின்னுட்டு இருந்தா முதல்ல உட்காரு. நாம ரெண்டு பேரும் எப்படி உயிரோட இருக்கோம்னு சொல்றேன், கேளு.”