கம்பெனியும் பங்காளிதான்

கடைசிக் கொழுந்தன் தசரதன் கிணற்றில் தன் பங்கை மெட்ராஸ் கம்பெனிக்கு விற்றுவிட்டு, சைதாப்பேட்டையில் சைக்கிள் கடை வைக்கப் போய்விட்டான். போனவன் போனான், ஒழியட்டும் என்றுதான் செங்கமலம் முதலில் நினைத்தாள். அவன் இடத்தில் ஒரு கம்பெனியே கொழுந்தனாக வந்து உட்கார்ந்திருக்கிறது என்பது அவளுக்கு உறைக்கக் கொஞ்ச நாள் ஆயிற்று.

அண்ணன் தம்பி மூன்று பேருக்கும் பொதுக் கிணறு அது. ஆளுக்கு ஒரு நாள் முறை. மூத்தவர் தாண்டவராயன். நடுவில் நாகப்பன், செங்கமலத்தின் புருஷன். அவன் காமாலையில் போய்ச் சேர்ந்ததிலிருந்து அவன் முறைக்குச் செங்கமலமே மண்வெட்டி தூக்கினாள். ஒரு காணியில் சொர்ணவாரிப் பட்டத்து நெல். அவளுக்கும் ரெண்டு பெண்களுக்கும் அடுத்த அறுப்பு வரைக்கும் சோறு அதுதான், வேறு நாதி கிடையாது.

இது எழுபத்து நாலாம் வருஷத்துச் சங்கதி. தண்டலத்துப் பக்கம் ரோட்டோரமாக ஒரு தொழிற்சாலையும் குவாட்டர்ஸும் வந்திருந்தன. ஏழு ஊருக்குக் குழாய்த் தண்ணீர், குவாட்டர்ஸுக்குத் தண்ணீர், அந்தத் தண்ணீர் அசிங்கமான பிறகு போவதற்குப் பூமிக்கடியில் குழாய், எல்லாவற்றுக்கும் அந்த மெட்ராஸ் கம்பெனி லட்சக்கணக்கில் முதல் போட்டிருப்பதாக அதன் சூப்பர்வைசர் பரசுராமன் ஊர்க்கூட்டத்தில் சொன்னான். "அந்த ஏழுல எங்க ஊரும் கீதா?" என்று செங்கமலம் கேட்டாள். "உங்களுக்குத்தான் கெணறு இருக்கேம்மா" என்றான் அவன். அவன் சொன்ன கிணற்றில்தான் அவன் பங்கு வாங்கியிருந்தான்.

கம்பெனியைக் குறை சொல்லக் கூடாது, தன் முறை நாளில் மட்டும்தான் இறைத்தது. ஆனால் அண்ணன் தம்பிகள் மோட்டார் மூணு எச்.பி., கம்பெனி கொண்டுவந்து இறக்கியது பதினைந்து. காலையில் போட்டால் பொழுது சாய்வதற்குள் கிணற்றுத் தவளை தரையில் உட்கார்ந்திருக்கும். மறுநாள் தாண்டவராயன் முறை. மனுஷன் மண்வெட்டியோடு போய், வாய்க்காலில் சேறு வருவதைப் பார்த்துவிட்டுத் திரும்புவார். அதற்கு மறுநாள் செங்கமலம் முறை, ஊறின வரைக்கும் அவளுக்கு. அரைவயிற்றுக் கஞ்சி மாதிரி பயிர் தாக்குப்பிடித்தது.

பஞ்சாயத்துத் தலைவர் பலராமனிடம் போய் நியாயம் கேட்டாள்.

"அவங்க நாள்ல அவங்க எறைக்கிறாங்க. என்னை இன்னா பண்ணச் சொல்ற?" என்றார் அவர்.

பரசுராமனும் அங்கேதான் இருந்தான். "கம்பெனியை வேத்து ஆளா நினைக்காதீங்கம்மா. நாங்களும் உங்க பங்காளி மாதிரிதான்" என்றான்.

"மாதிரி இன்னா மாதிரி, பங்கு வாங்கினவன் பங்காளியேதான்" என்றார் பலராமன். பேச்சு அதோடு முடிந்தது.

வைகாசியில் தாண்டவராயன் பயிர் நின்ற நிலையிலேயே வைக்கோலாகிவிட்டது. அவர் யாரோடும் சண்டைக்குப் போகிற மனுஷன் இல்லை. தினமும் போய் வரப்பில் உட்கார்ந்துகொண்டு அதையே பார்ப்பார். ஒரு நாள், கம்பெனி முறையன்று, அப்படி உட்கார்ந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். தூக்கி வருவதற்குள் உயிர் இல்லை.

பிணத்தை வாசலில் கிடத்தினார்கள். ஒப்பாரி ஆரம்பித்தது. கம்பெனி மோட்டார் போட்ட சத்தத்தில் பாவம் பொம்பளைகள் தொண்டை கிழியக் கத்தி அழ வேண்டியிருந்தது. பாதி அழுகையில் செங்கமலம் எழுந்தாள். கிணற்றங்கரைக் கொட்டகைக்குப் போய்க் கம்பெனி மோட்டாரின் கரண்டுப் பெட்டியிலிருந்து பீஸ் கட்டையைப் பிடுங்கினாள். தங்கள் மோட்டாரின் கட்டையையும் பிடுங்கி, ரெண்டையும் முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"இன்னாக்கா இது?" என்றான் கம்பெனி ஆபரேட்டர் அப்பாவு.

"பங்காளி சாவு. கெணறு எறைக்கக் கூடாது" என்றாள்.

சத்தம் நின்றதும் வாசலில் அழுதவர்கள் தொண்டையும் கத்தலை விட்டு ஒப்பாரிப் பாட்டுக்கு இறங்கியது.

மறுநாள் காலையில் பரசுராமன் ஸ்கூட்டரில் வந்து, துக்கம் விசாரித்துவிட்டு, பீஸ் கட்டையைக் கேட்டான்.

"பதினாறாம் நாள் காரியம் முடியட்டும்" என்றாள் செங்கமலம்.

பிணம் எடுக்கிற வரைக்கும் இறைப்பதில்லை, அவ்வளவுதான் அந்த ஊர் வழக்கம். பதினாறு நாள் என்பது அந்த நிமிஷத்தில் அவள் வாயில் வந்தது.

"கம்பெனிக்கு ஏதும்மா தீட்டு?" என்றான்.

"பங்காளின்னு சொல்லி முறை வாங்கிக்கினியே தம்பி, தீட்டு மட்டும் கசக்குதா?"

பரசுராமன் பலராமனைப் பார்த்தான். பலராமன் வானத்தைப் பார்த்தார், அப்புறம் தன் கால் கட்டைவிரலைப் பார்த்தார். பங்காளியேதான் என்று சொன்ன வாய் அவருடையது. "வழக்கம்னா வழக்கம்தான்" என்றார். சுற்றி நின்ற அத்தனை பேரும் தலையாட்டினார்கள். ஒருத்தர் முகத்திலாவது ஒரு சிரிப்பு வரவேண்டுமே, வரவில்லை.

ராங்கி பண்ணிவிட்டாளே ஒழிய, அவன் போனதும் கழனிக்குப் போய்க் கதிரைக் கிள்ளிப் பார்த்தாள். பயிர் பால் பிடிக்கிற சமயம். இன்னும் நாலு நாள் தாங்கும், மிஞ்சினால் அஞ்சு. அதற்குள் கம்பெனி இறங்கி வராவிட்டால் அவள் பயிரும் வைக்கோல்.

முறையன்று பாதி இறைப்பில் மோட்டார் நின்றதால் கம்பெனித் தொட்டி ரெண்டே நாளில் காலி. ஏழு ஊர்க்காரர்கள் குழாயை மறந்துவிட்டுப் பழையபடி ஏரிக்குக் குடம் தூக்கினார்கள், அவர்களுக்குப் பழக்கம்தான். குவாட்டர்ஸ்காரர்கள் பாடுதான் திண்டாட்டம். அங்கே வீட்டுக்குள்ளேயே கக்கூஸ், சங்கிலியை இழுத்தால் தண்ணீர் கொட்டும். இப்போது இழுத்தால் சங்கிலி மட்டும் வந்தது. மூன்றாம் நாள், தொழிற்சாலை மேனேஜர் கையில் சொம்போடு கருவேலங்காட்டுப் பக்கம் போனதைப் பார்த்ததாக அப்பாவு வந்து சொன்னான். மரியாதைக்கு யாரும் மேற்கொண்டு விசாரிக்கவில்லை.

நாலாம் நாள் பரசுராமன் ஸ்கூட்டரைத் தூரத்திலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்தான். "என் வேலைக்கே உலை வெச்சிடுவாங்கம்மா. என்ன வேணும், சொல்லுங்க" என்றான்.

"உன் மோட்டார் பைப்பு கெணத்து அடி வரைக்கும் எறங்கியிருக்குது. ஒரு ஆள் ஒசரம் அறுத்துடு. உனக்கு எட்டின வரைக்கும் நீ எடு, அடியில நிக்கிறது எங்களுக்கு."

"அதிகமா எடுக்க மாட்டோம்னு எழுதித் தரேன்."

"எழுத்தை வெச்சிக்கினு நான் இன்னா பண்றது? பைப்பை அறு."

சாயங்காலம் அறுத்தார்கள். அறுத்து எடுத்த துண்டைத் தூக்கிக் கரையில் போட்ட பிறகுதான் அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். நாளைக்கே காரியத்தை முடித்துக்கொள்ளலாமா என்று பரசுராமன் பலராமனைக் கேட்டான். "அஞ்சாம் நாளும் வழக்கம்தான்" என்றார் அவர்.

செங்கமலம் ஓரகத்தி முனியம்மாளிடம் சொல்லப் போனாள். முனியம்மாள் தாண்டவராயன் செத்ததிலிருந்து அறை மூலையை விட்டு அசையவில்லை.

"அக்கா, கம்பெனிக்காரன் பைப்பை அறுத்துட்டான். நாளிக்கி மோட்டார் போடலாம்."

"கெணறு ரொம்பிக்கீதாமே."

"ரொம்பிக்கீதுக்கா. படியெல்லாம் மூழ்கிப்போச்சு."

முனியம்மாள் கிணற்றுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அப்புறம், "அவரு இருந்தப்போ இந்தப் பீஸை யாரும் புடுங்கலையேடி" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. செங்கமலத்துக்கு வெட்கமாக இருந்தது. அவர் பயிர் காய்ந்தபோது அவள் நியாயம் கேட்கத்தான் போனாள், கொட்டகைக்குப் போகவில்லை. தன் பயிருக்கு ஆபத்து வந்தபோதுதான், அதுவும் அவர் சாவை வைத்துத்தான், கை நீண்டது.

மறுநாள் விடிந்ததும் பலராமன் கிணற்றங்கரைக்கு வந்துவிட்டார். "வரிசைப்படி இன்னிக்கு மூத்தவர் முறை. அவர் பயிர்தான் போயிடுச்சே, நீ உன் கழனிக்குத் திருப்பிக்கோ. இன்னிக்கு விட்டா தாங்காது" என்றார். அவர் சொன்னது சரிதான், பின்னால் அறுத்தபோது அவள் நெல்லில் பாதிக்குப் பாதி பதராகத்தான் போயிற்று.

செங்கமலம் பழைய மோட்டாருக்குப் பீஸைப் போட்டாள். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்த் தன் கழனி மடையை அடைத்தாள், தாண்டவராயன் கழனி மடையைத் திறந்துவிட்டாள். தண்ணீர் வெடிப்புகளில் விழுந்து உள்ளே போய்க்கொண்டே இருந்தது. பலராமன் தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டார்.

வீட்டுப் பின்புற வழியாக முனியம்மாள் வந்து நின்றாள்.

"பைத்தியமாடி புடிச்சிருக்குது உனக்கு? வைக்கோலுக்குத் தண்ணி கட்டுற. அங்க உன் பயிர் தொங்குது."

"தொங்கட்டும்க்கா. இன்னிக்கு மாமா முறை."

முனியம்மாள் வரப்பில் உட்கார்ந்தாள். கழனி முழுக்கத் தண்ணீர் ஏறுகிற வரைக்கும் எழுந்திருக்கவில்லை.