பழைய நாற்பத்தேழு

என் புருஷன் சாம்சன் வேலை பார்க்கும் கும்மிடிப்பூண்டி இரும்பு மில்லில் கான்ட்ராக்ட் ஆட்களுக்குப் பேர் கிடையாது, டோக்கன் நம்பர்தான். சாம்சன் அங்கே நாற்பத்தேழு. ஒருத்தர் வேலையை விட்டுப் போனால் அவர் நம்பர் அடுத்து வருகிறவருக்கு. நல்ல ஏற்பாடு!

இன்று காலை ஷிப்டில் சாம்சனின் வலது கையை மிஷின் இழுத்துவிட்டது. சாயங்காலத்துக்குள் ஆபரேஷன் செய்தால் விரல்கள் தங்கும், முதலில் ஒரு லட்சம் கட்டுங்கள் என்றது ஆஸ்பத்திரி. ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டு நின்றதால் கான்ட்ராக்டர் உடனே பணம் அனுப்பினார். எனக்கு வரவில்லை. அவர் போனில் ‘டோக்கன் 47’ என்று இருந்தது பழைய ஆளின் கணக்கு.

சூப்பர்வைசர் சுப்பிரமணியோடு பாங்குக்கு ஓடினேன்.

“நம்பர் சரியா இருந்தா பணம் போயிடும்மா, பேரை ஒத்துப் பாக்கறதில்ல” என்றார் ஆபீசர். “இனிமே அவரு சம்மதிச்சாத்தான் எடுக்க முடியும். மாட்டேன்னா போலீஸ், கோர்ட்டுனு போகணும்.”

“கோர்ட்டு முடியறவரைக்கும் வெரல் இருக்குமா சார்?”

அவர் அந்தக் கணக்குக்காரரின் போனுக்கு அடித்துப் பார்த்தார்.

பழைய நாற்பத்தேழின் பேர் கலியன், ஊர் ஊத்துக்கோட்டை. போனை எடுக்கவில்லை. பஸ் ஏறினோம். செலவழித்திருந்தால்? தரமாட்டேன் என்றால்? ஊத்துக்கோட்டையில் ஆட்டோ பிடித்துப் போனோம். வீட்டு வாசலில் சுப்பிரமணி இறங்கவே இல்லை.

“நீயே போம்மா. என்னப் பாத்தா காரியம் கெட்டுடும்.”

உள்ளே கேசரி வாசனை. கலியன் மடியில் துண்டைப் போட்டு வலது கையை மூடியிருந்தார்.

“கம்பெனிலர்ந்தா வர்ற? உக்காரும்மா. டப்பு வந்துச்சு. மூணு வருசமா நடையா நடந்துகினு இருந்தேன். கடசீல போட்டுட்டாங்க.”

என்னைக் கும்பிடக் கையைத் தூக்கினார். துண்டு நழுவியது. வலது கையில் விரல்களே இல்லை.

அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பெண்சாதி அடுப்பை அணைத்துவிட்டாள்.

“எந்த மிஷினு?”

“கேட்டாண்ட இருக்கறது.”

“அதுக்கு இன்னும் மூடி போடலியா?”

இல்லை என்று தலையாட்டினேன். அவர் மாட்டேன் என்றால் இன்றைக்கு யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. அது அவருக்கும் தெரிந்துதான் இருந்தது. தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எந்திரிம்மா. பாங்கு மூடறதுக்குள்ள போவலாம்.”

பாங்கில் இடது கட்டைவிரலை மையில் தோய்த்து ரேகை வைத்தார். பணம் வந்துவிட்டது, ஆபரேஷனுக்கு எடுத்துக்கொண்டார்கள் என்று ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. அப்பாடா என்று கலியனோடு வெளியே வந்தேன்.

ஆட்டோவில் சுப்பிரமணி போனில் பேசிக்கொண்டிருந்தார்.

“நாப்பத்தேழுக்கு நாளைக்கே ஆள் வேணுமா சார்? பாக்கறேன் சார்.”

நான் கலியனைப் பார்த்தேன். அவர் அந்தக் கையைத் துண்டுக்குள் இழுத்துக்கொண்டார்.