கழுவி விட்ட வீடு

மார்க்கெட்டில் மீன் விற்றுவிட்டுக் காலிக் கூடையோடு ரேகா வீட்டுக்கு வந்தபோது, வாசலிலிருந்து தெருவரைக்கும் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மூத்தவள் உதயா பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கடைசி வாளியை ஊற்றிக்கொண்டிருந்தாள். ஐந்து வயது அம்மு பழந்துணியால் சுவரோரம் துடைத்தாள். துடைத்ததைவிடப் பாவாடையில் ஏற்றிக்கொண்டதுதான் அதிகம்.

"எப்டிம்மா கீது? நீ சொன்னா மாதிரியே கழுவிட்டோம்."

ரேகா கூடையைத் தொப்பென்று வாசலிலேயே போட்டாள்.

எண்ணூரில் அவர்கள் குப்பத்தில், புருஷன் கடலில் இருக்கும்போது எவளும் வீட்டைக் கழுவமாட்டாள். துடைப்பம் எடுப்பதுகூடப் படகு கரையேறிய பிறகுதான். ஆள் வெளியே போன கையோடு கழுவி விடுவது, பிணம் எடுத்த வீட்டை. இதை அங்கே யாரும் யாருக்கும் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்ததில்லை. வினையே அதுதான்.

நேற்றுச் சாயங்காலம் இவள்தான் கத்தினாள். "ஒம்போது வயசாவுது, ஒரு தொடப்பம் எடுக்க வணங்கல. நாளிக்கு லீவுதானே? நான் வர்றதுக்குள்ள வூட்டக் கழுவி வெக்கல, டிவி கெடையாது." அப்போது படகு எஞ்சின் ரிப்பேரில் கிடந்தது. புருஷன் திருமுருகன் பாயில் படுத்துக்கொண்டு சிரித்தான். விடியற்காலையில் எஞ்சின் ரெடி என்று கூட்டாளி வந்து கூப்பிட, அவன் கிளம்பிவிட்டான். சொன்னதை மாற்றிச் சொல்ல ரேகாவுக்கு மறந்துபோயிற்று. மார்க்கெட்டுக்குப் போகிற அவசரமாம். பெரிய அவசரம்!

அனல்மின் நிலையத்துச் சிம்னிச் சாம்பல் ராத்திரியெல்லாம் ஜன்னல் வழியே வந்து தரையில் படியும். காலையில் அதில் பாயிலிருந்து வாசல்வரை அவன் வெறுங்கால் தடம் இருந்தது. அதை மிதிக்காமல் தாண்டித்தான் இவள் கிளம்பினாள். இப்போது ஒன்றுமில்லை.

"இன்னாம்மா, நல்லா இல்லியா?"

"நல்லாக் கீதுடி" என்றாள்.

பதினொரு மணிக்கு வரவேண்டிய படகு ஒரு மணிக்கும் வரவில்லை. பக்கத்து வீட்டுச் சொக்கம்மாள் கரையிலிருந்து ஓடி வந்தாள்.

"எல்லாப் படகும் வந்துடுச்சு. முருகன் படகு மட்டுந்தான் காணோம்." பிறகுதான் ஈரத்தைப் பார்த்தாள். "அடிப்பாவி! ஆம்பள கடல்ல கீறப்ப எவடி வூட்டக் கழுவுனது?"

"நான்தான் கழுவச் சொன்னேன்" என்றாள் ரேகா. உதயா வாளியைப் பிடித்தபடி நின்றாள். அவள் முகத்தைப் பார்க்க ரேகாவுக்குத் தைரியமில்லை. போனை எடுத்துக்கொண்டு கரைக்கு ஓடினாள்.

நாலு மணிக்குப் போனில் சார்ஜ் தீர்ந்தது. அதுவரை அவன் நம்பர் ஒருதடவைகூடக் கிடைக்கவில்லை. சார்ஜரை எடுக்க வீட்டுக்கு வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

உள்ளே மின்விசிறி நிறுத்தியிருந்தது. தரை காய்ந்திருந்தது. காலையில் கூட்டி அள்ளிய சாம்பலை முறத்திலிருந்து அம்மு கொஞ்சம் கொஞ்சமாகத் தூவ, உதயா முட்டி போட்டு, அப்பனின் ரப்பர் செருப்பை இரண்டு கையிலும் மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாக அழுத்திப் பதித்துக்கொண்டிருந்தாள். வாசலிலிருந்து ஆரம்பித்துப் பாய்வரை. எல்லாத் தடமும் வீட்டுக்குள் பார்த்துத்தான் இருந்தது.

"உள்ள வராதம்மா. அழிஞ்சுடும்" என்றாள் உதயா, நிமிராமல்.

ரேகா தூக்கிய காலைக் கீழே வைக்காமல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.